பயணிகளுக்கான பொட்டலம்

"நேத்து உங்ககிட்டதான் வாங்கினேன்" என்று ஜாதிக்காய்ப் பொட்டலத்தைப் பலகைமேல் வைத்தாள் வெள்ளைக்காரி. இன்னொரு கையில் சின்னத் துருவி.

தான் கட்டிய பொட்டலம் என்று வெர்லினுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கிரெனடாத் தீவின் அந்த ஜாதிக்காய்க் கிடங்கில் பதினெட்டு வருஷமாகக் காய் பிரிப்பவள் அவள். ஓடு உடைத்த காயைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் நல்லது மூழ்கும், சொத்தை மிதக்கும். மூழ்கியது மூட்டையில் கப்பலேறும். மிதந்தது எண்ணெய் எடுக்கப் போகும். மிதந்ததில் பார்வைக்கு லட்சணமானதைப் பொறுக்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கான பொட்டலத்தில் போட்டு வந்தவள் வெர்லின்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தானே வாங்குகிறார்கள் என்று அவள் எண்ணம்.

இந்த வருஷம் வெளிநாட்டு வாங்குநர்கள் குறைந்துவிட்டார்கள். புதிதாக வாங்குபவர் யாரும் கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள்தான் வேலை என்று மேலாளர் ஆல்பன் சொல்லியிருந்தார்.

"என் பேரு ஹைக்கே. எங்க நாட்டுல, பிரேமன்னு ஒரு ஊர்ல எங்களுக்குப் பன்னிரண்டு பேக்கரி இருக்கு. ஓட்டல்ல ரம் பானத்து மேல ஜாதிக்காய் தூவிக் குடுத்தாங்க. அந்த வாசனைக்கே மூட்டை மூட்டையா வாங்கணும்னு தோணிச்சு. இதத் துருவினா மரத்தூள்தான் வருது. எதை நம்புறது?"

ஆல்பன் ஓடிவந்தார். "மேடம், ஏசி காத்து பட்டா வாசன போயிடும்…"

"பதினஞ்சு வருஷமா மசாலா வாங்குறேன். இந்தக் கதைய வேற யார்கிட்டயாவது சொல்லுங்க." அவள் கிளம்பிவிட்டாள்.

"நில்லுங்கம்மா" என்றாள் வெர்லின்.

பக்கத்து இருக்கை ஜாஸ்லின் அவள் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, வாய மூடு. இருக்குற வேலைக்கும் வேட்டு வெச்சுக்காத."

வெர்லின் பொட்டலத்தைக் கிழித்துத் தொட்டியில் கொட்டினாள். அத்தனையும் மிதந்தன. மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். கல்லாக இறங்கின.

"அப்போ தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. சாருக்குத் தெரியாது. நல்ல காய் வெளிநாட்டுக்குப் போகணும்னு எடுத்து வெச்சேன்."

"நான் எந்த ஊர்லேருந்து வந்திருக்கேன்னு நெனச்சீங்க?"

ஜாஸ்லின் பக்கென்று சிரித்துவிட்டாள். வெர்லினுக்குக் காது சுட்டது.

ஹைக்கே மூழ்கிய காயொன்றை எடுத்துத் துடைத்துத் துருவினாள். உள்ளங்கையை நெடுநேரம் முகர்ந்தாள். "ஒரு மூட்டை அனுப்புங்க. கேக்குல போட்டுச் சுட்டுப் பாத்துட்டு மத்தத பேசலாம்."

அவள் போனதும் ஆல்பன் வெடித்தார். "ஒரே ஒரு மூட்டை! எத்தன வருஷமா இந்த வேலை நடக்குது?"

"ரொம்ப வருஷமா, சார்."

"நல்லாருக்கு! வீடு வீடா நம்ம காயைக் கொண்டுபோய்க் காட்டறவங்க இந்தப் பயணிங்கதான். அவங்களப் பாத்து சொத்தையக் குடுத்திருக்க. இனிமே நல்லதத்தான் போடணும்."

"சரி சார்."

"ஒரு மூட்டைய வெச்சு ஒண்ணும் மாறாது. மூணு நாள் மூணு நாள்தான்."

வெர்லின் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பொட்டலம் நானே கட்டித் தர்றேன். அந்த மூணுல சுற்றுலாக் கப்பல் வர்ற நாள எனக்குக் குடுங்க, சார்."