மல்லப்பன் கை நனைத்த கதை

கொள்ளேகால் மதராஸ் ராஜ்யத்தில் இருந்த காலம் அது. மைசூர் மண்டி மொஹல்லாவில் நூல் கடை வைத்திருந்த நஞ்சுண்டசாமி வீட்டில் எல்லோருக்கும் கன்னடம்தான் படிக்க வரும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே மேதை அவருடைய எட்டு வயது மகள் ராமக்காள். கொள்ளேகாலில் மாமன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்து படித்தவள். தமிழில் கடுதாசி வந்தால் வீடே அவள் முன்னால் கைகட்டி நிற்கும். அவளுக்கோ தலைகால் புரியாது.

அக்கா சொர்ணலதாவைப் பெண் பார்க்க வருவதாகக் கொள்ளேகால் மல்லப்பன் எழுதியிருந்தார். ராமக்காள் எழுத்துக் கூட்டி முழங்கினாள்: "ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். மனசுக்கு ஒத்து வந்தால் கை நனைப்போம்."

அம்மா மாதம்மா பெருமூச்சு விட்டாள். "மூணு எடத்துக்காரங்களும் கை நனைக்காமயே போயிட்டாங்க. இவங்களாச்சும் நனைக்கோணும் சாமி."

பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இதை ராமக்காளுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று தடவையும் மிஞ்சிப்போன விருந்தை ஒரு கை பார்த்தவள் அவள்தான். அந்த வகையில் வந்தவர்கள் மேல் அவளுக்குக் குறையே இல்லை. அக்கா மூலையில் உட்கார்ந்து அழுததுதான் பொறுக்கவில்லை. கை நனைக்க இத்தனை பிகுவா? இந்த வீட்டில் தண்ணீருக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை மல்லப்பனின் மீசை முதலில் வந்தது, அப்புறம் மல்லப்பன், கடைசியாக மாப்பிள்ளை சுப்பையா. மல்லப்பன் காபியைக்கூடத் தொடவில்லை. "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறனுங்க" என்று எழுந்து கும்பிட்டார். கதவுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ராமக்காள் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, கும்பிட்ட கையில் அப்படியே கவிழ்த்தாள். கையோடு வேட்டி, துண்டு, மீசை எல்லாம் நனைந்தன.

நஞ்சுண்டசாமி துடைக்கத் துண்டு தேடி ஓடினார்.

"நீங்கதான எழுதுனீங்க, கை நனைப்போம்னு?" என்றாள் ராமக்காள். "நனைஞ்சிருச்சு. இனி எங்கக்கா அழமாட்டா."

கதவுக்குப் பின்னால் அழுகை நின்று சிரிப்புப் பீறிட்டது. சுப்பையா அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டினான்.

"எனக்கும் ஊத்து, கண்ணு."

மல்லப்பன் மகனை முறைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொட்டச் சொட்ட அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கொழம்புங்க வெச்சிருக்கீங்க?"