ஜெஸீமாவின் வாசல்

தனியே பிள்ளை வளர்க்கும் தாயைப் பற்றிய டிவி நாடகத்தை, கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் இடியப்பம் அவித்துப் பிழைக்கும் ஜெஸீமாவின் வீட்டிலேயே படம்பிடித்தார்கள். புருஷனாக நடித்தவன் நடிகையை வாசலுக்கு வெளியே தள்ளியதும், ஜெஸீமா மாப் பிசைந்த கையோடு குறுக்கே வந்து நின்றாள்.

“தம்பி, இது வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. நாளைக்கு மகளுக்கு. இந்த வாசலால பொம்புளயத் தள்ளுறதப் படமெடுக்க நான் விடமாட்டன்.”

“கதை அப்படித்தானே ராத்தா,” என்றான் கொழும்பு டைரக்டர்.

“எங்கட ஊர்ல புருஷன்தான் பேக்கத் தூக்கிட்டுப் போற. என்ட மனிசனும் அப்படித்தான் போன.”

டைரக்டர் யோசித்துக் காட்சியை மாற்றினான். நடிகன் பேக்கோடு தெருவில் முழித்தான். “இப்ப நான் எங்க போற?”

“ஒங்கட உம்மாட ஊட்டுக்கு. வேற எங்க?” என்றாள் ஜெஸீமா.

வேலியோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுப்பில் இடியப்பம் வெந்துகொண்டிருந்ததால் ஜெஸீமா உள்ளே போனாள்.