அடுப்பேறாத ஜாடி

1.

மதுரையில் பத்திரிகை நடத்தும் தோழி ஒருத்தி கோடை மலருக்குச் சில்லென்று ஒரு கதை கேட்டாள். அதிலிருந்துதான் இது வந்தது. எங்கள் தெருவில் எலொயிசா செய்யும் மங்கோனாதாவைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். உறைந்த மாம்பழம், மிளகாய்த்தூள், எலுமிச்சை. படிக்கிறவர்களுக்கு வாயூறும், இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘மே மாதத்து அபட்சிங்கானில் காக்கைகூட —’

இல்லை. காக்கை நம் ஊர்ப் பறவை. மெக்சிகோவின் இந்த வெந்த மூலையில் அதற்கு என்ன வேலை?

இரண்டாம் தொடக்கம்: ‘பொன்னிற மாங்கூழின் மேல் செந்தூரமாய் —’

செந்தூரமாம். எழுதின கையை உடைக்க வேண்டும்.

மூன்றாவது நிற்கிறது. அதனால் அதையே வைத்துக்கொள்கிறேன்: யுனுவென் ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்கா எலொயிசா செய்து தரும் மங்கோனாதாவைத் தினமும் தின்கிறாள். அதில் காரீயம் கலந்திருக்கிறது. இது இருவருக்கும் தெரியாது.

முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டாயே என்று தோழி கோபப்படுவாள். படட்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை வைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆட எனக்கு மனம் வரவில்லை.

2.

கோடை மலர் என்பதால் செய்முறையைச் சொல்லியாக வேண்டும். மாம்பழத்தை முந்தின நாளே துண்டு போட்டு உறையவைத்துவிடுவாள். யாராவது கேட்டால் அதைப் பாதி துண்டும் பாதி கூழுமாக அரைப்பாள். பிளாஸ்டிக் தம்ளரின் உட்பக்கம் சுற்றிச் சமோய்க் குழம்பை வழியவிடுவாள். அதன்மேல் கூழ், மறுபடி சமோய், மறுபடி கூழ். மேலே மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, எலுமிச்சை பிழிந்து, புளி பூசிய குச்சியைக் குத்தித் தருவாள். முதல் வாயில் பல் கூசும், அடுத்த வாயில் காது சுடும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

எல்லாம் சமோயில்தான் இருக்கிறது. உப்பில் காய்ந்த பிளம், புளிச்சைப் பூவின் சிவப்பு இதழ், காய்ந்த மிளகாய், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு இவற்றைக் கொதிக்கவைத்து அரைத்தெடுக்கும் சிவப்புக் குழம்பு அது. எலொயிசா அதைச் செய்த அன்றைக்கே ஊற்றமாட்டாள். ஊறினால்தான் புளிப்பின் முனை மழுங்கும் என்பாள்.

எலொயிசா என் பக்கத்து வீடு. என் பையன் இந்த ஊரில் பிறந்து, அவனுக்கு மீசையும் முளைத்துவிட்டது. இத்தனை காலத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பக்கத்துவீடு’ என்பாள். நானும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன். தெரு ஜன்னலில் பலகை போட்டு வியாபாரம் செய்கிறாள். தங்கை யுனுவெனின் புருஷன் வடக்கே ஸ்ட்ராபெரி பறிக்கப் போயிருப்பதால், தங்கையும் இவளோடுதான் இருக்கிறாள். யுனுவெனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டது. இந்த முறை எதைத் தின்றாலும் வாந்தி. மங்கோனாதா மட்டும்தான் உள்ளே தங்குகிறது. அதனால் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் எலொயிசா தங்கையின் தம்ளரைத்தான் முதலில் நிரப்புவாள், சமோயை இரண்டு மடங்காக ஊற்றுவாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், காரீயம் கூடியிருக்கிறது, மெருகு போட்ட மண்சட்டியில் சமைக்கிறீர்களா என்று கேட்டார்.* இந்தப் பக்கத்தில் சமைக்காத வீடு ஏது? வீட்டுக்கு வந்ததும் எலொயிசா பயறு வேகவைக்கும் சட்டி, குழம்புச் சட்டி, பாதி தெருவுக்குச் சமைக்கிற கல்யாணச் சட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு உடைத்தாள். அலுமினியப் பாத்திரம் வாங்கினாள். அடுத்த பரிசோதனையில் காரீயம் இன்னும் ஏறியிருந்தது. மண்சட்டியில் சமைப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று டாக்டர் மறுபடி கேட்டார். நிறுத்திவிட்டோம் என்றாள் எலொயிசா. அது சத்தியமான வார்த்தை.

(* ஈயச்சொம்பு ரசத்தை நினைத்து மூக்கை உறிஞ்சாதீர்கள். அது வெள்ளீயம். இது வேறு சாமான். மண்பாண்டத்தைப் பளபளப்பாக்க இங்கே காலங்காலமாகப் பூசுவது. புளிப்பு பட்டால் கரையும்.)

3.

இனி யாராவது ஒருவர் கதைக்குள் வந்து உண்மையைப் பார்க்க வேண்டும்.

முதலில் பிரிகிதா என்று ஒரு செவிலியை உண்டாக்கினேன். தலையில் தொப்பி வைத்தேன், தோளில் பை மாட்டினேன், வீடு வீடாக அனுப்பினேன். அவள் எலொயிசாவின் சமையலறையில் நுழைந்து, மூலையில் விரலை நீட்டி, தெளிவான குரலில் —

எழுதியதை அடித்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு அப்படி ஒருத்தி வந்ததே இல்லை. நான் பிரிகிதாவை ஏன் உண்டாக்கினேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வேலை என் தலையில் விழக்கூடாது என்பதற்காகத்தான்.

பார்த்தது நான்.

உச்சி வெயில். ஜன்னலில் நான் ஒருத்திதான் நின்றேன். சமோய் ஊற்றும் பிளாஸ்டிக் குப்பி காலியாகிவிட்டது. எலொயிசா உள்ளே திரும்பி, மூலையில் ஈரத்துணி போர்த்தியிருந்த பச்சை ஜாடியை இழுத்தாள். துணியை எடுத்ததும் அதன் மெருகு வெயிலில் மின்னியது. அதிலிருந்து மொண்டு குப்பியில் ஊற்றினாள்.

நான் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

“என்ன பக்கத்துவீடு, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? ஜாடியை இப்பிடி முறைக்கிற?”

இதை உடைக்கவில்லையா என்று கேட்டேன்.

“இதை எதுக்கு ஒடைக்கணும்? இது அடுப்பேறாத ஜாடி. சும்மா ஊறவைக்கிறதுக்கு. டாக்டர் சமைக்கிற சட்டியைத்தான கேட்டாரு?”

உள்ளே மின்விசிறிக்கு முன்னால் படுத்திருந்த யுனுவென், தன் தம்ளர் என்ன ஆனது என்று குரல் கொடுத்தாள். எலொயிசா நிரப்பி முடித்திருந்தாள். இரண்டு மடங்கு சமோய்.

[இந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். இரண்டு வரைவுகளில் கத்தியிருக்கிறேன். ஒன்றில் தம்ளரைத் தட்டிவிடுகிறேன், சுவரெல்லாம் சிவப்பு. படிக்க நன்றாகத்தான் இருந்தது.]

நடந்தது இது. அதை எனக்குக் கொடு, மயக்கமாக வருகிறது என்று சொல்லித் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் பங்கைப் பிடுங்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எலொயிசா சிரித்தாள். “பாவம், தின்னட்டும்க்கா. எனக்கு வேற போடு” என்றாள் யுனுவென். எலொயிசா இன்னொரு தம்ளரை எடுத்து, அதே குப்பியைச் சாய்த்தாள்.

நான் ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பின்பக்கம் வா, ஜாடியையும் எடுத்துக்கொண்டு வா என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, வந்தாள்.

4.

தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று சொன்னேன். இரண்டே வாக்கியம்தான். அடுப்பு ஏறினால்தான் என்றில்லை, புளிப்பு பட்டாலே கரையும். நாள்கணக்கில் ஊறினால் இன்னும் கரையும்.

எலொயிசா ஒரு கரண்டி சமோயை மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டாள். “அவளுக்குப் போனது எனக்கும் போகட்டும்” என்று —

இது பொய். உங்கள் கண் கலங்கட்டும் என்று நான் சேர்த்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

அவள் ஜாடியைச் சாய்த்து மிச்சத்தை மண்ணில் கொட்டினாள். கையை உள்ளே விட்டுத் தடவினாள். வெளியே பச்சையாகப் பளபளத்த மெருகு, உள்ளே சமோய் நிற்கும் உயரம் வரைக்கும் இல்லை. விரலுக்குச் சொரசொரவென்று வெறும் மண்தான் தட்டியது.

“இங்க இருந்ததெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டாள்.

பிறகு சொன்னாள்:

“மொத ரெண்டுக்கும் நான்தான் செஞ்சு குடுத்தேன்.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஜாடியைப் பார்த்தது நான், காரீயத்தைப் பற்றிப் படித்தது நான், கதையை எழுதுவதும் நான். ஆனாலும் என் பாத்திரம் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றுவிட்டாள். அந்த இரண்டும் இதனால்தான் கலைந்தன என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான். இதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. அதை நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அவகிட்ட சொல்லிடாத, பக்கத்துவீடு. பிள்ளை பொறக்கட்டும். அப்புறம் நானே சொல்லிக்கிறேன். இப்ப தெரிஞ்சா என் கையால பச்சைத்தண்ணி குடிக்கமாட்டா. அவளுக்கு வேற யாரு இருக்கா?”

சத்தியம் கேட்டாள். செய்தேன்.

ஜாடியைக் கல்லில் மோதி உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். ஜன்னலில் வந்து கேட்டவர்களிடம் குளிர்சாதனப் பெட்டி கெட்டுவிட்டது, ஐஸ் கட்டவில்லை என்று சொன்னாள். அவர்களில் நிறையப் பேர் பிள்ளைகளோடு வந்தவர்கள். என் பையனும் அந்த ஜாடியில் வளர்ந்தவன்தான். அவனைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனது வேறு கதை. அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

5.

முடிவுகள்.

(அ) பெண் குழந்தை பிறக்கிறது, கொழுகொழுவென்று. எலொயிசா அதன் காதில் எல்லாவற்றையும் சொல்லி — கோடை மலருக்கு இது பொருத்தம். எனக்கு வாய் கூசுகிறது.

(ஆ) இதை ஒரு வரி எழுதினேன். அந்த வரியை உங்களுக்குக் காட்டமாட்டேன்.

(இ) இதற்கு முடிவு இல்லை. நடந்தது மட்டும்தான் இருக்கிறது.

புதிய சமோயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊறவைத்திருந்தாள் எலொயிசா. அதே பிளம், அதே மிளகாய், அதே கை. முதல் தம்ளரை யுனுவெனுக்குக் கொடுத்தாள். நானும் இருந்தேன். யுனுவென் ஒரு வாய் வைத்தாள். குச்சியால் கிளறினாள். இன்னொரு வாய் வைத்தாள்.

“அக்கா, இதுல என்னமோ கொறையுது.”

எலுமிச்சை கூடிவிட்டதோ என்னவோ என்றாள் எலொயிசா. அதில்லை, புளிப்பு வெட்டுகிறது, பழைய மாதிரி இதமாக இல்லை என்றாள் யுனுவென். [காரீயம் கரைந்தால் மெல்லிய இனிப்பு உண்டு என்று பிறகு படித்தேன். சமோயில் அது நாக்குக்கு எட்டுமா என்று தெரியாது. அதைப் படித்திருக்கவே வேண்டாம்.]

“ஜாடியில ஊறவைக்கலையா?”

“அது ஒடைஞ்சுபோச்சுடி, குட்டி.”

“அதான பார்த்தேன். இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் மாமியார் வீட்டுல அச்சு அசலா அதே மாதிரி ஜாடி ஒண்ணு சும்மா கெடக்கு. நான் போய் எடுத்துட்டு வரேன்.”

“வேண்டாம்டி.”

“ஏன் வேண்டாம்?”

எலொயிசா கண்ணாடிப் பாட்டிலின் மூடியைத் திருகினாள். யுனுவென் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களாச்சும் சொல்லுங்க, ஏன் வேண்டாங்கறா?”

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எலொயிசா என்னைப் பார்க்கிறாள். சொல்லாதே என்கிறாளா, என்னால் முடியவில்லை, நீ சொல்லிவிடு என்கிறாளா? அந்தப் பார்வையை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் பிடிபடவில்லை.

நான் சத்தியம் செய்தவள். நீங்கள் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. விஷயம் முழுக்க உங்களுக்குத் தெரியும். யுனுவென் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.