ராயகிரிக்குத் தண்ணி காட்டியது

ஆறுமுகச்சாமிக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பேச்சோடு மல்லுக்கட்டியே அவர் மனைவி சுந்தரம்மாளுக்குச் சலித்துவிட்டது. அவள் தம்பி சங்கரசுப்பு நேர்மாறு. காதில் விழுந்ததை அப்படியே செய்வான். வீட்டுப் பந்தய மாடுகளைப் பராமரிப்பதும் வண்டியை ஓட்டுவதும் அவன்தான்.

எண்பத்திரண்டில் சங்கரன்கோவிலில் மாட்டு வண்டிப் பந்தயம் நடந்தது. ஆறுமுகச்சாமியின் ஜோடியில் ஒன்று வாசுதேவநல்லூரில் வாங்கியது, மற்றது ராயகிரியில் வாங்கியது. வாங்கின ஊரைச் சொல்லித்தான் மாடுகளைக் கூப்பிடுவார்கள். அவர் பயந்தது ஒரே ஒரு வண்டிக்கு. அதன் சொந்தக்காரர் சங்கரபாண்டிக்கும் ராயகிரிதான் ஊர்.

வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். சங்கரபாண்டி பக்கத்திலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றதால் ஆறுமுகச்சாமி, ராயகிரி மாட்டைத் தடவிக்கொண்டே மச்சினன் காதோரம் குனிந்தார்.

"ஏலே, ராயகிரிக்கு இன்னைக்குத் தண்ணி காட்டிரணும்."

"இப்பவா அத்தான்?"

"பெறகு, ஓடி முடிச்சிட்டா? தொடக்கத்துலயே காட்டிரு."

"மத்தவனுக்கு?"

"மத்தவனை விடு. இவனுக்குக் காட்டினாப் போதும்."

"ஓடுததுக்கு முன்னால எதுக்குன்னு..."

"சொன்னதைச் செய்யிலே. கேள்வி கேட்டே உசுரை வாங்காத."

அவர் கமிட்டிக்காரர்களைப் பார்க்கப் போனார். சங்கரசுப்பு தவிடு கலந்து ஒரு வாளித் தண்ணீரை ராயகிரி மாட்டின் முன்னால் வைத்தான். வெயிலுக்கு அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு வாளிக்கும் தலையை நீட்டியது.

கொடி இறங்கியதும் மற்ற வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. வாசுதேவநல்லூர் மாடு இழுத்தது. ராயகிரி வயிறு குலுங்கக் குலுங்க நடந்தது. வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே போய் ஒரு புளியமரத்து நிழலில் நின்றது. மாடு நிதானமாக மூத்திரம் பெய்தது.

ஆறுமுகச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி காட்டுன்னா, அவனை ஏய்ச்சிட்டு முந்திப் போன்னு அர்த்தம்லே. ஊருக்கே தெரியுமே."

"எனக்கும் தெரியும் அத்தான். மாட்டைத் தடவிக்கிட்டே சொன்னீக. மாட்டுக்குக் காட்டுததும் தண்ணிதானே?"

"நான் சங்கரபாண்டியைச் சொன்னேன்."

"அப்ப சங்கரபாண்டின்னு சொல்லியிருக்கலாம்லா."

ஜெயித்துவிட்டுத் திரும்பிய சங்கரபாண்டி, நிற்கிற மாட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "வயிறு உப்பியிருக்கே அண்ணாச்சி. ஓடப்போற மாட்டுக்குத் தண்ணி குடுத்திட்டாங்களோ? அதைச் செய்யக் கூடாது" என்று அக்கறையாகச் சொன்னார். ஆறுமுகச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

வீட்டில் சுந்தரம்மாள் முழுக்கதையையும் தம்பியிடம் கேட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மாத்தி மாத்திக் கேட்டிருக்கான். ஒண்ணுக்காவது ஒழுங்காப் பதில் சொன்னீகளா?"

"பக்கத்துல அவன் நின்னான்லா."

"அப்ப தள்ளிக் கூட்டிட்டுப் போயிச் சொல்லணும். இல்ல, சும்மா இருக்கணும். அவன் எப்பவும் போல ஓட்டியிருப்பான்."

ஆறுமுகச்சாமி தொழுவுக்குப் போனார். சங்கரசுப்பு மாட்டின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எப்படிச் சொன்னாலும் அது வேறு மாதிரிதான் போய்ச் சேரும் என்று பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபக்கம் போய் அவரும் நீவ ஆரம்பித்தார்.