பூரணிக்குப் போட்ட பேர்

அம்மாக்கண்ணுவின் கழுத்து மூன்று நாளாகத் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கூடைக் கயிறு பதிந்த உச்சந்தலை தொட்டால் எரிந்தது. தோள்பட்டையிலிருந்து விரல்நுனி வரை ஒரே குடைச்சல். ஒரு ஆளுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்தால் வருகிற வலி அவளுக்குப் பழகிப்போனது. அதை அவள் வலியென்று சொல்வதே இல்லை. இது இரண்டு ஆளுக்கு எடுத்த வலி.

இரண்டாவது ஆள் ராசம்மா. தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமியின் மகள், ஏழு மாதக்காரி. கால் வீங்கி, லயத்து வரிசை வீட்டில் தன் காம்பராவுக்குள் படுத்திருந்தாள். ஆனால் விடியற்காலைப் பெரட்டில் கங்காணி சோலைமலை பேர் கூப்பிடும்போது ராசம்மா பேருக்கும் ஒரு குரல் வரும். அன்றைக்கு எவள் முறையோ அவள் குரல். மலையில் அவள் இரண்டு ஆள் கொழுந்தை எடுத்து, நிறுவையில் பிரித்து, இரண்டு பேருக்கும் போடுவாள்.

பிள்ளைப்பேற்றுக் காசு வேண்டுமென்றால் வருடத்தில் நூற்றைம்பது நாள் வேலைக்குப் பேர் விழுந்திருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு வழுக்குகிற மலையில் அத்தனை நாள் நிற்க முடியுமா என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. மலையில் நிற்கிற பெண்கள் யோசித்தார்கள். சோலைமலை கண்டும் காணாதவனாக இருந்தான். அவன் பெண்சாதிக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேர் போட்டார்கள். துரைக்கும் ஆபீசுக்கும் இது தெரியாது. தெரிந்தால் முதலில் போவது சோலைமலையின் வேலை.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே மாதிரி பூரணிக்குப் போட்டார்கள். பூரணி அம்மாக்கண்ணுவின் கூடப் பிறந்த தங்கச்சி. பூரணி இப்போது இல்லை.

அது ஐம்பத்தைந்தாம் வருடம். இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரிகளின் நிலைமையை விசாரிக்க அரசாங்கம் ஒரு கொமிசன் வைத்திருக்கிறது, அது லிந்துலையில் கூடப்போகிறது என்று செல்லசாமி சொல்லிக்கொண்டு வந்தார். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமாம். பேசினால் எழுதிக்கொள்வார்களாம். எழுதினால் நோயாளியை ஏற்றுகிற தேயிலை லொறிக்குப் பதிலாக ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரி வண்டி வருமாம். அம்மாக்கண்ணுதான் பேச வேண்டும் என்றார். தங்கச்சியைப் பறிகொடுத்தவள் சொன்னால்தான் அவர்கள் மனதில் படும் என்றார். லொறி கேட்டோம், தரவில்லை, செத்துப்போனாள். அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். வேறெது என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

அந்த வேறொன்று நாலு மாதமாக அம்மாக்கண்ணுவை விடவில்லை.

பூரணிக்கு இன்னும் மூன்று நாள் பேர் விழ வேண்டியிருந்தது. அன்றைக்கு விடியுமுன்னே அவளுக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிள்ளை, சாயங்காலம் வரை இழுக்கும் என்று அம்மாக்கண்ணு நினைத்தாள். பூரணியும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ பேரப் போட்டுட்டு வாக்கா, இந்த மூணு நாளுக்காக விட்டுறாத" என்றாள். அம்மாக்கண்ணு பெரட்டுக்குப் போய் இரண்டு பேருக்கும் குரல் கொடுத்துவிட்டு மலையேறினாள். நடு மத்தியானத்தில் ஆள் வந்து கூப்பிட்டது. ஓடி வந்து பார்த்தால் படுக்கையில் விரித்திருந்த படங்குச் சாக்கு நனைந்து, ரத்தம் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சர் கனகலிங்கம் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது. மூன்று தோட்டத்துக்கு அவர் ஒருவர்தான். டாக்டர் இல்லையென்றாலும் எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காலையில் அடுத்த தோட்டத்தில் வாந்திபேதி பார்த்துவிட்டு நாலு மைல் நடந்து வந்திருந்தார். பூரணியின் கையைப் பிடித்துப் பார்த்தார். உடனே ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். 'விடியற்காலை முதல் லயத்தில் பிரசவ வலி. கடும் ரத்தப்போக்கு. லொறி உடனே தேவை.' அதை அம்மாக்கண்ணுவின் கையில் கொடுத்து ஆபீசுக்கு ஓடச் சொன்னார்.

ஓடினாள். பெரிய கிளாக்கர் துண்டை வாசித்தார். மேசையிலிருந்த காலைப் பெரட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். பூரணி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பதாக அதில் இருந்தது. விடியற்காலை முதல் லயத்தில் கிடப்பவள் மலையில் எப்படி இருப்பாள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறது, அதற்காகக் கேட்டார்.

அந்த இடத்தில் அம்மாக்கண்ணு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோலைமலையின் முகம் கண்ணில் வந்தது. முறை வைத்துப் பேர் போடுகிற அத்தனை பெண்களும் வந்தார்கள். "வேலைக்குப் போயி, முடியாம இப்பத்தாங்க எறங்கி வந்துச்சு" என்றாள்.

அப்படியானால் மலையிலிருந்து இறங்கியதற்குக் கங்காணி கொடுத்த துண்டு எங்கே என்றார் கிளாக்கர். அது இல்லாமல் லொறிக்கு எழுதினால் துரை அவரைத்தான் கேட்பார். அம்மாக்கண்ணு திரும்ப மலைக்கு ஓடினாள். சோலைமலை எழுதிக் கொடுத்தான். அவள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வட்டகொடை ஸ்டேசனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் பூரணியின் வயிற்றுப்பிள்ளை அடங்கியது. பிறகு பூரணி அடங்கினாள். லொறி வருமென்று பாதையோரத்துக்குத் தூக்கி வந்து அவளைக் கிடத்தியிருந்த கம்பளிக்குப் பக்கத்தில், கனகலிங்கம் சேற்றில் அப்படியே உட்கார்ந்திருந்தார். லொறி வந்தபோது அதில் ஏற்றியது இரண்டு பிணங்களை.

கொமிசன் கூடிய நாளில் சங்கம் பிடித்த வாடகை லொறியில் இருபது பேர் லிந்துலைக்குப் போனார்கள். பெண்கள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"கொமிசன்காரன் முன்னாடி நாக்க நீட்டிக் காட்டு, அம்மாக்கண்ணு. அவனும் அந்தச் செவப்புத் தண்ணியத்தான் தருவான்" என்றாள் ஒருத்தி.

"போத்தல நாமதான் கொண்டு போகணும்" என்றாள் இன்னொருத்தி.

காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் நெஞ்சுவலிக்கும் டிஸ்பென்சரியில் ஒரே மிக்சர்தான். அதுவும் மாசக் கடைசியில் தண்ணீராகிவிடும். அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். சிரித்தால் கழுத்து வெட்டியது.

பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில் கனகலிங்கம் தனியாக நின்றார். வெளுத்த கோட்டுப் போட்டிருந்தார். அம்மாக்கண்ணுவைக் கண்டதும் கிட்ட வந்தார். அன்றைக்கு அவர் தோட்டத்திலேயே இல்லை என்றும், பூரணி செத்த பிறகு பழி வராமலிருக்கத் துண்டை எழுதிக் கொடுத்தார் என்றும் தோட்டத்து ஆபீசிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். பெரட்டுக் கணக்கைச் சாட்சியாகக் கொண்டு வந்திருக்கிறார்களாம்.

"எனக்காக நீர் ஒண்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம், பிள்ளை. நடந்ததைச் சொன்னால் போதும்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

உள்ளே போகுமுன் சோலைமலை அவளை மறித்தான். அவன் வேலைக்குப் போகிற சட்டையோடே வந்திருந்தான். தன் வேலை போனால் போகட்டும், எங்காவது மண் வெட்டிப் பிழைத்துக்கொள்வேன் என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ராசம்மாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் கெடக்கு. அதுக்குப் பின்னாடி இன்னும் அஞ்சு பேரு. அவளுகளையும் நெனச்சுக்க, தாயி."

மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வயதானவர், இங்கிலீசில் கேட்டார். ஒருவர் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிங்கள டாக்டர் எழுந்தார். சின்ன வயதுதான், ஆனால் கண் குழி விழுந்திருந்தது. அறுபது கட்டில், நூற்று நாற்பது நோயாளிகள், கட்டிலுக்கு அடியிலும் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்றார். தோட்டங்கள் கடைசி மூச்சில்தான் ஆளை அனுப்புகின்றன, தான் மரணப் பத்திரம் எழுதவா படித்தேன் என்று கேட்டார். தோட்டக்காரர்கள் சார்பில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, இவ்வளவு வரி கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியும் நாங்களே கட்ட வேண்டுமா என்றார். பிறகு பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர். தோட்டத்து ஆட்கள் வந்து விழுந்து பட்டணத்து ஆட்களுக்கு இடமில்லாமல் போகிறது, இவர்களுக்கு இந்த நாட்டில் வோட்டே இல்லை, கட்டில் மட்டும் எதற்கு என்று கேட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். செல்லசாமி எழுந்து, தேயிலைக்கு மட்டும் இந்த நாட்டின் பேரை வைத்திருக்கிறீர்களே என்று ஏதோ தொடங்கினார். நேரமில்லை என்று உட்காரச் சொன்னார்கள்.

எல்லோரும் சொன்னது உண்மைதான் என்று அம்மாக்கண்ணுவுக்குப் பட்டது. கட்டில் இல்லை, மருந்து இல்லை, வண்டி இல்லை. ஆனால் யாருடைய குற்றம் என்று வரும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். காட்டி முடிந்தபோது காட்டுவதற்கு ஆள் இல்லாமல் கடைசியில் நின்றவர் கனகலிங்கம்தான்.

அவள் பேர் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லொறி கேட்டதையும் வராததையும் செல்லசாமி சொல்லிக்கொடுத்தபடி சொன்னாள். சிங்கள டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு பெரிய கிளாக்கர் எழுந்து பெரட்டுக் கணக்கை மேடையில் வைத்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் கனகலிங்கத்தின் துண்டு இருந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொன்னார்:

"உங்கள் தங்கை அன்று காலை வேலைக்குப் போனாரா, இல்லையா?"

அம்மாக்கண்ணு கனகலிங்கத்தைப் பார்த்தாள். அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்வி வரும் வரைக்கும்தான் அவருக்குப் பயம் இருந்தது போல. பூரணி விடியற்காலையிலிருந்து லயத்தில் கிடந்தது அவரைவிட அம்மாக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது, பெரட்டில் பூரணி பேருக்குக் குரல் கொடுத்தவள் யார் என்பது மட்டும்தான்.

பின்வரிசையில் சோலைமலை நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பெண்கள். அதில் மூன்று பேருக்கு வயிறு தெரிந்தது. செல்லசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருந்துச்சுங்க" என்றாள்.

"காலையில் நோயென்று யாரிடமாவது சொன்னாரா?"

"இல்லீங்க."

பெரட்டுக் கணக்கு உண்மையானது, துண்டு பொய்யானது; மேடையில் எழுதிக்கொண்டார்கள். கனகலிங்கம் பாதி எழுந்தார். பிறகு பக்கத்தில் யாரும் இழுக்காமலே உட்கார்ந்துகொண்டார். அவள் முகத்தைத்தான் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் கணக்குப் புரியாத பிள்ளையைப் போலப் பார்த்தார்.

திரும்பும்போது லொறியில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் அம்மாக்கண்ணுவின் முந்தானையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாக்கண்ணு அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு கிழமையில் கனகலிங்கத்தை நிறுத்திவிட்டார்கள். கொமிசன் என்ன எழுதியது என்று தோட்டத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தொழிலாளர் நோயை உரிய நேரத்தில் அறிவிப்பதில்லை, தோட்ட டிஸ்பென்சர்கள் கடமையில் அசட்டை என்று பத்திரிகையில் வந்ததாகச் செல்லசாமி வாசித்துச் சொன்னார். ஆஸ்பத்திரி வண்டியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கனகலிங்கம் ஒரு தகரப் பெட்டியோடு வட்டகொடையில் ரயில் ஏறினார். அவரை வழியனுப்ப யாரும் போகவில்லை. போக வேண்டுமென்று அம்மாக்கண்ணு அன்றைக்கு அரை நாள் லீவு கேட்டாள், சோலைமலை கொடுத்தான். லயத்து வாசல் வரை வந்துவிட்டு, திரும்பி மலைக்குப் போனாள்.

டிஸ்பென்சரி ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் கிழமைக்கு ஒரு நாள் வந்து, வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து நாக்கைப் பார்த்துவிட்டுப் போனார். மற்ற ஆறு நாளும் நோயைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் லயத்துப் பொன்னையா வயிற்றுப்போக்கில் செவ்வாய்க்கிழமை படுத்தார். வைத்தியர் வருகிற திங்கள் வரை அவர் இருக்கவில்லை. ஒரு கைக்குழந்தை இழுப்பு வந்து செத்துப்போனது.

ராசம்மாவுக்குப் பதினெட்டு நாளும் விழுந்தது. காசு கிடைத்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. அம்மாக்கண்ணு பார்க்கப் போனபோது ராசம்மா பிள்ளையை அவள் மடியில் போட்டு, "நீங்க எடுத்த கொழுந்துலதான் இது பொறந்துச்சு, அத்தே" என்றாள். கனமான பிள்ளை. அம்மாக்கண்ணு அதைக் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். பூரணியைப் பற்றி யாரும் பேசவில்லை. கனகலிங்கத்தைப் பற்றியும் பேசவில்லை.

ஒரு தடவை செல்லசாமியிடம், யாழ்ப்பாணத்துக்குக் கடுதாசி எழுதினால் போய்ச் சேருமா என்று கேட்டாள். விலாசம் தெரிந்தால் சேரும் என்றார் அவர். யாருக்கு என்று கேட்கவில்லை. விலாசத்தைத் தேடித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதற்குமேல் கேட்கவும் இல்லை. இன்னும் மூன்று பெண்களுக்கு முறை வைத்துப் பேர் விழுந்துகொண்டிருந்தது.

கனகலிங்கத்துக்கு அம்மாக்கண்ணு தர வேண்டியது ஒரு வார்த்தைதான்: நீங்கள் எழுதிய துண்டு உண்மை, அன்றைக்குப் பூரணி பேருக்குக் குரல் கொடுத்தது நான். அதை அவள் இன்றுவரை கொடுக்கவில்லை.