ஓசைப்படாமல் முந்நூறு பேர்

1

இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. என்னுடைய சோம்பேறித்தனம் அல்ல, வார இதழ் ஆசிரியருடையது. விடுமுறைச் சிறப்பிதழுக்கு "ஹைனானில் அமைதியான கடற்கரைகள்" என்று ஒரு கட்டுரை கேட்டார்.

"கடல், காத்து, தென்னை. உக்காந்த எடத்துலயே எழுதிடலாமே!" என்றார்.

நான் உட்கார்ந்திருந்த இடம், இந்தத் தென்சீனத் தீவின் தலைநகரான ஹைகோ நகரில் ஒரு தேநீர்க்கடை. ஒரு கெண்டித் தேநீருக்குக் காலை முழுக்க நாற்காலி தருவார்கள். அங்கிருந்தபடியே எழுதியும் இருப்பேன். ஆனால் அதே வாரம் சுற்றுலா அமைப்பொன்று, தீவில் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து "மௌனக் கரை" என்று பலகை வைக்கப் போவதாகவும், தேர்வாளர் இருவரில் நான் ஒருவன் என்றும் சொல்லியனுப்பியது. தொடர்கதை எழுதிப் பிழைப்பவனுக்கு அமைதியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியும் சாப்பாடும் அவர்கள் செலவு. நானும் கேட்கவில்லை.

2

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

"அலைகள் மெல்லத் தாலாட்ட—" வேண்டாம். எங்கள் கடல் யாரையும் தாலாட்டியதில்லை. புயல் மாதத்தில் கூரையைப் பிடுங்கும்; மற்ற மாதங்களில் அதற்காக ஒத்திகை பார்க்கும்.

"நகரத்து இரைச்சலில் களைத்த நெஞ்சே—" சீ!

"அமைதி என்பது—" இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் உருப்பட்டதில்லை.

[வாசகரே, இதெல்லாம் உங்களுக்காகச் செய்த வேலை. அமைதியான கரை வேண்டும் என்பீர்கள். வரும்போது ஒலிபெருக்கி, கேமராவுக்கு முக்காலி, தலைக்கு மேல் வண்டுபோல் ரீங்காரமிடும் ட்ரோன் எல்லாவற்றையும் கொண்டுவருவீர்கள். "இங்கே யாருமே இல்லை!" என்று படத்தோடு ஊருக்கெல்லாம் அறிவிப்பீர்கள். மறுநாள் ஊரே அங்கே இருக்கும்.]

3

இன்னொரு தேர்வாளர் ஃபெங். நாட்டின் வடகோடி நகரமான ஹார்பினிலிருந்து குளிருக்குப் பயந்து ஒரு பருவம் தங்க வந்து, திரும்பிப் போக மறந்தவர். ஒலியை அளக்கும் கருவியை வெல்வெட் பெட்டியில் வைத்து, பச்சைக் குழந்தையைப் போல மடியில் ஏந்தி வருவார்.

முதல் கரையில் கல்யாணப் படமெடுக்க வந்த மணப்பெண்கள் வெள்ளை உடையில் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தனியாக நிற்பதுபோல் படம் வர மற்றவர்கள் குனிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. இரண்டாவது கரையில் ஆளே இல்லை. ஆனால் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி, "இது அமைதியான கடற்கரை, தயவுசெய்து அமைதி காக்கவும்" என்று விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"இத நிறுத்த முடியாதா?" என்று ஃபெங் கேட்டார்.

"நிறுத்தினா சனங்க சத்தம் போடுவாங்க சார்" என்றார் காவலாளி.

மிச்சமிருந்தது லோங்பெய் குடா.

4

இந்த இடத்தில் யுன் ஷியூலான் வருகிறாள். முதல் வரைவில் அவளை விதவையாக்கினேன். வார இதழ் வாசகருக்கு விதவை என்றால் உயிர். உண்மையில் அவள் கணவன் கடலுக்கு அப்பால், தோங்குவான் நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். நகரம் சலித்து, அவள் மட்டும் லோங்பெய்யில் இருக்கும் மாமனார் வீட்டுக்குத் திரும்பி, கரையோரம் சிறியதாக ஒரு விடுதி கட்டினாள். அறைகளில் பல்லிகள்தான் தங்குகின்றன.

தேர்வுக்கு முன் ஒருமுறை பார்த்துவர நான் மட்டும் போயிருந்தேன். தலையணை உறைகளை உதறியபடியே பேசினாள்.

"வாத்தியாரே, பலகை கெடைச்சா தங்கிடுவேன். கெடைக்கலன்னா கதவச் சாத்திட்டு தோங்குவான் போயி அவரோட சேந்து செருப்பு ஒட்டுவேன். இதுல கதை எழுத ஒண்ணுமில்ல."

"எங்களுக்குக் கஞ்சி ஊத்தறதே இந்த மாதிரி ஒண்ணுமில்லாததுதான், தங்கச்சி."

"அப்ப உங்க கஞ்சிக்காவது என் கரையப் போடுங்க!"

[இவள் நல்லவளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அறைகளைப் படமெடுக்கும்போது பக்கத்துவீட்டுக் குப்பையை மறைக்கிறாள். ஆனால் பாத்திரம் நல்லதாக இருந்தால்தான் பரிதாபப்படுவேன் என்பது உங்கள் கெட்ட பழக்கம். அதற்கு நான் தீனி போடுவதாக இல்லை.]

5

மழை வந்து தேர்வு தள்ளிப்போனது. புதிதாகக் குறித்த நாள், சந்திரக் கணக்கில் லோங்பெய் ஊர்ச்சாமியின் பிறந்த நாளாக வந்து விழுந்தது.

அந்த நாளில் எங்கள் தீவுக்காரர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். வீட்டுக்கு வீடு விருந்து. தெரிந்தவர் வரலாம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வரலாம், வழி தவறியவரும் வரலாம். அழைப்பெல்லாம் கிடையாது. யார் வீட்டில் எத்தனை மேசை நிறைந்தது என்பதுதான் வருடம் முழுக்கப் பேச்சு. இளைஞர்கள் பிழைக்கப் போய்விட்டதால், போன வருடம் ஷியூலானின் மாமனார் ஃபூ தாசெங் போட்ட மேசைகளில் பாதி ஈ ஓட்டின. அதிலிருந்து மனிதர் சந்தைக்குக்கூடத் தலைகுனிந்தே போய்வந்தார்.

ஷியூலான் அவரிடம் கெஞ்சினாளாம்.

"மாமா, அவங்க அளந்துட்டுப் போற வரைக்கும் ஒரு வெடி, ஒரு மேளம் கூடாது. கால்ல வேணா விழறேன்."

"எது வரைக்கும்?"

"மத்தியானம் வரைக்கும்."

"இவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன் போ. உன் பட்டணத்துக்காரன் அசந்து போயிருவான்."

அவர் பார்த்துக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

6

சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் கால் வைத்தோம். கரை முழுக்கச் சிவப்பு விரிப்புப் போட்ட வட்ட மேசைகள். அவற்றைச் சுற்றி முந்நூறு பேர். அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஃபூ தாசெங் மூடிக் காட்டியிருந்தார். கிண்ணங்களுக்கடியில் துணி. பிள்ளைகளின் வாயில் தேங்காய் மிட்டாய். தும்மல் வந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தோளில் முகத்தைப் புதைத்துத் தும்மினார். ஒரு வாத்து கத்தப் பார்த்தது. ஒரு பெண் அதன் அலகைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

ஷியூலான் படிக்கட்டில் நின்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

ஃபெங் பெட்டியைத் திறந்தார். கருவியைப் பார்த்தார், தட்டினார், திரும்பவும் பார்த்தார். நாங்கள் போன எந்தக் கரையிலும் முள் இவ்வளவு கீழே இறங்கியதில்லை.

"இங்க முந்நூறு பேர் இருக்காங்க!" என்றார், தானும் கிசுகிசுப்பாக.

"மேலயே இருக்கும். அடுத்த ஊர்லருந்தும் கூட்டியாந்தேன்" என்று ஃபூ கிழவரும் கிசுகிசுத்தார்.

"அமைதியான கரைன்னா ஆளே இருக்கக் கூடாதுய்யா!"

"ஆளில்லாத கரையக் காட்டினா, ஊரே செத்துப் போச்சுன்னுல்ல நினைப்பீங்க? ஆளில்லாத எடத்துல சத்தம் இல்லாம இருக்கறது என்ன பெரிய வித்தை? சுடுகாடுகூட அப்படித்தான் இருக்கு. இத்தன பேரு வாய மூடி எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

ஃபெங் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

7

ஃபெங் நேர்மையானவர். கதைக்கு இதைவிட இடைஞ்சல் வேறில்லை.

"கருவி சொல்லுது, அதனால பலகை உண்டு. ஆனா ஒண்ணு. அடுத்த வருசத்துலருந்து இந்த மணல்ல மேசை, மேளம், வெடி எதுவும் கூடாது. மௌனக் கரைன்னு பலகைய வெச்சுட்டு அதுக்குக் கீழ கூத்து நடந்தா ஊரு என்னப் பாத்துச் சிரிக்கும்."

கோயில் இருப்பதும் ஊர் விருந்துக்கு மேசை போடுவதும் அந்த மணலில்தான். கிழவரின் முகம் சுருங்கியது. அவர் மருமகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் வேணும், வாத்தியாரே."

"ரெண்டும் ஆகாதும்மா. ஒண்ணு சொல்லு" என்றார் ஃபெங்.

முடிவு, வரைவு ஒன்று: "எங்க சாமியை விடப் பலகை பெருசில்ல!" என்று ஷியூலான் நிமிர்ந்து நிற்கிறாள். மக்கள் ஆர்ப்பரிக்க— அடித்துவிட்டேன். நீங்கள் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள். அவள் செருப்பு ஒட்டப் போவாள்.

வரைவு இரண்டு: "நீ இருந்தாப் போதும்மா, மேசை எதுக்கு" என்று கிழவர் கண்ணீர் மல்க விட்டுக்கொடுக்கிறார். இதையும் அடித்துவிட்டேன். ஒரு கிழவரை அழவைத்து ஒரு விடுதியை நிரப்புவது, என் போன்றவர்களே வெட்கப்பட வேண்டிய மலிவு.

வரைவு மூன்றில் புயல் வந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

8

நடந்தது இவ்வளவுதான். ஷியூலான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல உக்காருங்க. சாமி நாள்ல வந்தவங்க கை நனைக்காமப் போகக் கூடாது."

உட்கார்ந்தோம். வந்த விருந்தாளி முதல் வாய் எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் தொடுவார்கள், தொட்டதும் வெடி. சரவெடியின் பக்கத்தில் ஒருவர் புகையும் ஊதுபத்தியோடு குந்தி, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எடுங்க. எழுத்தாளர் நீங்கதானே?" என்று ஃபெங் கிசுகிசுத்தார்.

எடுக்கமாட்டேன். எனக்கு வரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பெண்ணின் பிழைப்புக்கும் ஒரு கிழவரின் மானத்துக்கும் நடுவில் கை நீட்டுவது அந்தக் கூலியில் சேர்த்தியில்லை. அமைதியான கரை கேட்டவர் நீங்கள். நான் எழுந்துகொள்கிறேன். வாருங்கள், இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தால் வெடி வெடிக்கும். பலகை இல்லையென்று ஃபெங் பெட்டியை மூடிவிடுவார். ராத்திரிவரை மேளம் அடிக்கும். அறைகளைப் பல்லிகளுக்கு விட்டுவிட்டு ஒருத்தி கப்பலேறுவாள். எடுக்காமல் ஃபெங்கைப் பார்த்துத் தலையசைத்தால் பலகை வரும். அறைகள் நிறையும், நீங்களும் முக்காலியோடு வருவீர்கள். அடுத்த வருடம் அந்தக் கிழவர் சாமி நாளன்று வீட்டுக்குள் ஒரே ஒரு மேசை போட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முந்நூறு பேரும் உங்கள் விரல்களையே பார்க்கிறார்கள். ஷியூலான் மட்டும் பார்க்கவில்லை. அவள் குனிந்து, கிண்ணத்தின் விளிம்பில் கரண்டி படாமல், உங்களுக்கு மீன் சாறு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.