தீர்த்தமாகிப்போன ஓடைத் தண்ணீர்

…பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை இருக்க வேண்டும், ஒரு விரல் குறைந்தாலும் விழுப்புரம் ஆய்வுக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், போன தடவை அப்படித்தான் கார்க் நழுவி வேட்டியெல்லாம் நனைந்து, பாதி பாட்டிலை வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது என்று அந்தக் கண்ணாடிக்காரர் கேட்டாரே, திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் கூடிக் நிலக்கரி தோண்டும் கரிக்குழியிலிருந்து இறைக்கிற தண்ணீரை இனியும் ஓடையில் விடலாமா கூடாதா என்று முடிவு செய்யப்போகிறார்கள், அதற்கு இந்த ஒரு பாட்டில்தான் சாட்சி, அந்தச் சாட்சியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த விருத்தாசலத்துக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது… பாட்டிலாவது நல்ல பாட்டிலா? பாண்டிச்சேரி பிராந்தி பாட்டில், எவ்வளவு கழுவினாலும் அதன் தொந்தி பிறந்த வீட்டைக் காட்டிக்கொடுக்கிறது, இந்தப் பக்கமோ மதுவிலக்கு, ஆபீஸில் இதைத்தானே கொடுத்தார்கள்… கார்க் நழுவாமல் வீரம்மாள் மஞ்சள் துணி போட்டு இறுக்கிக் கட்டி, இப்ப எப்படி வுழுதுன்னு பாக்கறேன் என்றாள், பெண்டாட்டிக்கு இருக்கிற அக்கறை சர்க்காருக்கு உண்டா? ஓடையில் மாடுதான்யா குடிக்குது, நீ எதுக்குப் பதறுறே என்கிறார் சூப்பர்வைசர், மாடு மட்டும் பாவமில்லையா…

கிளியனூரில் பஸ் நின்றது, நிற்காமல் போகக்கூடாதா, சோதனைக்கு ஏறிய ஏட்டு அப்பாதுரையின் கண் நேரே மடிக்குத்தான் வந்தது. இன்னாய்யா அது? ஓடைத் தண்ணிங்க, கரிக்குழி ஆபீஸுல சோதனைக்கு அனுப்பிச்சது. பிடிபட்டவன் எவன்தான் உண்மையைச் சொன்னான் என்ற சிரிப்போடு ஏட்டு துணியை அவிழ்த்து, கார்க்கைப் பிடுங்கி, மூக்கருகே கொண்டுபோன அந்த நொடியில்தான் பக்கத்து சீட்டு அம்மாள் அலறினாள். "ஐயையோ ஏட்டய்யா, மஞ்சத்துணி கட்டிக்கீது பாரு, திருவக்கரை தீர்த்தம்யா அது! அத்தப் போயி மோந்து பாக்கறியே!" பௌர்ணமி முடிந்து திருவக்கரையிலிருந்து திரும்பும் கூட்டம் பாதி பஸ், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். இல்லை என்று சொல்லிவிடலாம், சொன்னால் மறுபடி பிராந்தி, ஸ்டேஷன், பாட்டிலும் போச்சு வேலையும் போச்சு… ஊற்றினான். ஏட்டு உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவி, மருந்தாட்டம் கீதுய்யா என்று முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் கைகள், கைகள், எத்தனை கைகள்… மாடுதான் குடிக்கிறதாம், மாடுதான்! பாட்டில் நாலு விரல் இறங்கியபோது விருத்தாசலத்துக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசிக் கை அந்த அம்மாளுடையது, குப்பம்மாள் என்று பேர் சொன்னாள், உறிஞ்சிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். "தம்பி, எங்க வூட்டுத் தண்ணி மாதிரியே கீதே! அதே துரு வாசனை." எந்த ஊர் என்று கேட்டிருக்கக்கூடாது. "கரிக்குழிக்குக் கீழண்ட. குழியில இறைக்க ஆரமிச்சதுலேந்து கெணறு வத்திப்போச்சு, ஓடையிலதான் மொண்டுக்கினு வர்றோம்." பையிலிருந்து பெரிய சொம்பு ஒன்றை எடுத்தாள், வாழைச்சருகு மூடி. "எம் பொண்ணு வவுத்துவலின்னு திண்டிவனம் ஆஸ்பத்திரில கீறா. டவுன் தண்ணி ஒத்துக்காது, அதான் வூட்டுத் தண்ணி எடுத்துக்கினு போறேன்." பாட்டிலைப் பார்த்தாள், பாவம் என்று நினைத்திருப்பாள், சட்டென்று ஊற்றினாள், கழுத்துவரை. "எல்லாருக்கும் குடுத்துட்டியே சாமி. ரெண்டும் ஒண்ணுதான். அம்மனே எங்க வூட்டாண்ட வந்துக்கீறா, இது தெரியாம இருந்துட்டேன் பாரு."

ஒரு விரல் குறையவில்லை, கண்ணாடிக்காரர் வாயைத் திறக்க முடியாது, அதே ஓடை, அதே தண்ணீர்… திண்டிவனத்தில் இறங்கியதும் விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்தது. குப்பம்மாள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாள், சொம்பில் இன்னும் பாதி இருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், அம்மா, அந்தத் தண்ணிய பொண்ணுக்குக் குடுக்காதீங்க… "யம்மா!" கூப்பிட்டே விட்டான். அவள் திரும்பி, சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதுவரை அவனை யாரும் பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள், கோயில் பூசாரியைப் பார்ப்பதுபோல. "இன்னா சாமி?" தீர்த்தத்தைக் குடிக்காதே என்று எப்படிச் சொல்வது, அதுவும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு?